குட்டி யானை லோடு வண்டியைக் கூப்பிடும் முன்: சேலத்தில் இடம் மாற நினைப்பவர்களுக்கு

சேலத்துக்கு வந்து மூன்று மாதம் ஆனவரிடம் ஊர் எப்படி என்று கேட்டுப் பாருங்கள். வெயில், தூசி, தண்ணீர், ஐந்து ரோடு நெரிசல் என்று வரிசையாகச் சொல்வார். முப்பது வருடமாக இங்கேயே இருப்பவரும் அதே வரிசையைத்தான் சொல்வார். என்ன, சொல்லி முடித்ததும் உங்களைத் தட்டுவடை செட் சாப்பிடக் கூட்டிக்கொண்டு போவார்.

இந்தக் கட்டுரை முதல் வகைக்காரர்களுக்கு. வேலை மாற்றலில் வந்தவர்கள், கல்யாணமாகி வந்தவர்கள், பிள்ளையின் படிப்புக்காகக் குடிவந்தவர்கள். வந்த இடம் ஒட்டாமல், வேறு எங்காவது போய்விடலாமா என்று ராத்திரி படுத்துக்கொண்டு யோசிப்பவர்கள். நானும் அப்படி யோசித்து இந்த மாவட்டத்துக்குள்ளேயே மூன்று வீடு பார்த்தாயிற்று. அம்மாப்பேட்டைப் பக்கம் ஒரு மாடி வீடு, அப்புறம் ஏற்காட்டில் பதினோரு மாதம், இப்போது கன்னங்குறிச்சி. நடுவில் வந்த ஏற்காடு எனக்குத் தேவையே இல்லாத செலவு. அந்தச் செலவு உங்களுக்கு வேண்டாம்.

1. பிடிக்காதது எதுவரை என்று பாருங்கள்

"ஊர் பிடிக்கவில்லை" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். அதற்குள் அறை இருக்கும், வீடு இருக்கும், தெரு இருக்கும், பேட்டை இருக்கும், கடைசியில்தான் ஊர். பிடிக்காதது எதுவரை நீள்கிறதோ அதைத் தாண்டினால் போதும். படுக்கையறை புழுங்குகிறது என்று கோயம்புத்தூருக்குக் குடிபோனவர்களை எனக்குத் தெரியும். அங்கேயும் மேற்குப் பார்த்த மாடி வீடுதான் பிடித்தார்கள்.

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். இரண்டு வாரம், எரிச்சல் வரும் ஒவ்வொரு தடவையும் ஒரு வரி எழுதுங்கள். எத்தனை மணி, எங்கே இருந்தீர்கள், என்ன நடந்தது, அவ்வளவுதான். "மனசே சரியில்லை" என்று எழுத வேண்டாம். "ராத்திரி 11.20, படுக்கையறை, தறிச் சத்தம்" என்று எழுதுங்கள். இரண்டு வாரம் கழித்து ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் அறை, வீடு, தெரு, பேட்டை, ஊர் என்று ஏதாவது ஒன்றைக் குறியுங்கள். எது அதிகம் என்று பார்த்தால் விஷயம் பாதி தெளிந்துவிடும்.

நான் இந்த நோட்டைப் போட்டது ஏற்காட்டுக்குப் போன பிறகுதான். அம்மாப்பேட்டையிலேயே போட்டிருந்தால் இரண்டே விஷயம்தான் திரும்பத் திரும்ப வந்திருக்கும்: பக்கத்துக் கட்டிடத்துத் தறிச் சத்தம், மொட்டை மாடிக்குக் கீழே இருந்த படுக்கையறையின் சூடு. இதில் தறிக்காரர் மேல் தப்பு ஒன்றும் இல்லை. அந்தத் தெருவே தறியால் உண்டான தெரு. நான் வீடு பார்க்கப் போன அன்று மாதாந்திரப் பராமரிப்புக்காக அந்தப் பகுதியில் கரண்டை நிறுத்தியிருந்தார்கள். தறி எல்லாம் ஊமையாக நின்றது. "நல்ல அமைதியான தெரு" என்று சொல்லிக்கொண்டே அட்வான்ஸை எண்ணிக் கொடுத்தேன்.

நோட்டை ஒருவர் மட்டும் எழுதினால் போதாது. காலையில் கிளம்பி ராத்திரி வருகிறவருக்கு வீடு என்பது படுக்கிற இடம். நாள் முழுக்க அதற்குள்ளேயே இருப்பது மனைவியாகவோ மாமியாராகவோ அப்பாவாகவோ இருக்கலாம். அவருடைய ஓட்டுக்கு இரண்டு மதிப்பு வையுங்கள். இது என் சொந்தச் சட்டம். எங்கள் வீட்டில் அது இல்லாததால்தான் ஏற்காட்டுக்குப் போனோம்.

இன்னொன்று. நோட்டில் வரும் வரிகளுக்கும் இடத்துக்கும் சம்பந்தமே இல்லாமல் இருக்கலாம். தூக்கம் இல்லை, பிடித்த சாப்பாடு பிடிக்கவில்லை, யாரிடமும் பேசத் தோன்றவில்லை, சொந்த ஊருக்குப் போய் நாலு நாள் இருந்தாலும் அப்படியே இருக்கிறது என்றால் வீடு தேடுவதை நிறுத்திவைத்துவிட்டு 14416-க்குப் போன் செய்யுங்கள். அரசின் மனநல உதவி எண், காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம். டெம்போவில் ஏற்ற முடியாத சாமான் அது.

2. வெயிலை வீட்டிலிருந்து பிரியுங்கள்

சேலம் சுடும் ஊர்தான், மறுக்க முடியாது. வடக்கே நகரமலையும் அதன் பின்னால் சேர்வராயனும், தெற்கே ஜருகுமலை, மேற்கே கஞ்சமலை, கிழக்கே கோடுமலை. நடுவில் கிண்ணம் மாதிரி ஊர். ஏப்ரல், மே மாதங்களில் 40 டிகிரி செல்சியஸ் வந்து போவது இங்கே யாருக்கும் செய்தி இல்லை. இந்த வெயில் ஊருடையது, எந்தப் பேட்டைக்குப் போனாலும் கூடவே வரும்.

ஆனால் ராத்திரி பத்து மணிக்கும் சுவர் சுட்டால் அது வீட்டின் குணம். பகலெல்லாம் காங்கிரீட் கூரை குடித்த சூட்டை ராத்திரி உங்கள் தலைமேல் இறக்குகிறது. வாடகை வீட்டிலேயே இதற்குச் செய்யக்கூடியவை உண்டு. வீட்டுக்காரரிடம் கேட்டு மொட்டை மாடிக்கு வெள்ளைச் சுண்ணாம்போ, வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பெயிண்டோ அடிக்கலாம். மேற்கு ஜன்னலுக்கு வெளிப்பக்கம் தென்னந்தட்டியோ பச்சை வலையோ கட்டலாம். உள்பக்கம் திரை போட்டால் பாதிப் பயன்தான், வெயில் கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்த பிறகு தடுத்து என்ன ஆகப்போகிறது. இரண்டையும் செய்து ஒரு வாரம் தூங்கிப் பாருங்கள். அப்புறமும் முடியவில்லை என்றால் வீட்டை மாற்றுங்கள். ஊர் இருக்கட்டும்.

புது வீடு பார்க்கும்போது சாயங்காலம் ஆறரை மணிக்குப் போய் மேற்குச் சுவரில் உள்ளங்கையை வையுங்கள். கையை எடுக்கத் தோன்றினால் அந்த வீடு வேண்டாம். மேலே இன்னொரு மாடி இருக்கும் வீடும், மேற்கே வேப்ப மரமோ பக்கத்து வீட்டுச் சுவரோ மறைக்கும் வீடும் நல்லவை. தரகர்கள் இதையெல்லாம் "வெளிச்சம் கம்மி" என்று குறையாகச் சொல்வார்கள். நீங்களும் சலித்துக்கொள்வது போல முகத்தை வைத்துக்கொண்டு வாடகையைக் குறைத்துக் கேளுங்கள்.

3. பேட்டையை மாற்றுவது

என் கணிப்பில், சேலம் பிடிக்கவில்லை என்கிறவர்களில் பெரும்பாலானவர்களுக்கு நாலைந்து கிலோமீட்டர் நகர்ந்தால் போதும். ஒரு பேட்டையின் ராத்திரியும் இன்னொன்றின் ராத்திரியும் அவ்வளவு வேறாக இருக்கும்.

செவ்வாய்ப்பேட்டையும் லீ பஜாரும் மொத்த வியாபாரத்தின் இடம். அரிசி, பருப்பு, வெல்லம், வெள்ளி. எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில், விலையும் கட்டுப்படி. ஆனால் லோடு வண்டிக்கு நேரங்காலம் கிடையாது. அம்மாப்பேட்டை, பொன்னம்மாப்பேட்டை, குகை, தாதகாப்பட்டிப் பக்கம் தெருவுக்குத் தெரு தறி இருக்கும். பழகியவர்களுக்கு அது தாலாட்டு. தறி நின்றால்தான் விழிப்பு வரும் என்று எதிர்வீட்டு அம்மா ஒருவர் என்னிடம் சொன்னார். எனக்குப் பழகவில்லை.

ரயிலில் வாரம் ஒருமுறை சென்னைக்கோ ஈரோட்டுக்கோ போய்வருகிறவர்களுக்குச் சூரமங்கலம் சரி, ஜங்ஷன் அங்கேதான். அஸ்தம்பட்டி, அழகாபுரம், ஃபேர்லேண்ட்ஸ் பகுதிகளில் ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கடை எல்லாம் நடை தூரம். வாடகையும் அதற்குத் தகுந்த மாதிரி. நாமக்கல், கோவைப் பக்கம் தினமும் பைக்கில் போகிறவர்கள் சீலநாயக்கன்பட்டி, கொண்டலாம்பட்டி பார்க்கலாம். ஊருக்குள் நுழையாமலே பைபாஸ் பிடித்துவிடலாம், பதிலுக்கு லாரி ஹார்னைச் சகித்துக்கொள்ள வேண்டும். சிவதாபுரம் பக்கம் பார்த்தால் மழைக்காலத்தில் எந்தத் தெரு வரைக்கும் ஏரித் தண்ணீர் வந்தது என்று விசாரிக்காமல் முடிவு செய்யாதீர்கள். திருமணிமுத்தாற்றை ஒட்டிய தெருக்களுக்கும் இதே கேள்வி.

கோரிமேடு, கன்னங்குறிச்சி மலையடிவாரம். சாயங்காலக் காற்று கொஞ்சம் முன்னாலேயே வந்துவிடும். மூக்கனேரிக் கரையில் காலையில் நடக்கலாம், ஏரிக்கு நடுவே திட்டுத் திட்டாக மரம், மரம் நிறையப் பறவை. அம்மாப்பேட்டையில் இருந்தபோது நான் ஏங்கியது இதற்குத்தான். ஏற்காட்டுக்கு இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி இறங்கிய பிறகுதான் அது எனக்குப் புரிந்தது.

ஒரு தெருவை முடிவு செய்வதற்கு முன் நாலு தடவை போங்கள்: பள்ளி வேன் வரும் காலை எட்டு மணி, உச்சி வெயில், ராத்திரி பத்து, ஞாயிற்றுக்கிழமை. மழை பெய்த மறுநாள் போக முடிந்தால் ஐந்தாவது தடவையும். கரண்ட் இல்லாத நாளில் மட்டும் போகாதீர்கள், என் கதைதான் தெரியுமே.

விசாரிப்பதை வீட்டுக்காரரிடமோ தரகரிடமோ வைத்துக்கொள்ள வேண்டாம். இஸ்திரி போடுபவர், டீக்கடை, பால்காரர். கேட்க வேண்டிய முதல் கேள்வி தண்ணீர். "தண்ணி வருதா?" என்று கேட்டால் "வருது" என்றுதான் பதில் வரும். நல்ல தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை, எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம், போன மே மாதம் எப்படி இருந்தது என்று கேளுங்கள். இங்கே நல்ல தண்ணீர் என்றால் மேட்டூர் காவிரி; மற்றதற்கெல்லாம் போர். போர் தண்ணீரில் துணி துவைத்தால் நுரை வருகிறதா, பாத்திரத்தில் வெள்ளை படிகிறதா என்பதைக் கேட்டால் பக்கத்து வீட்டு அம்மாக்கள் ஐந்து நிமிடத்தில் மொத்த வரலாற்றையும் சொல்லிவிடுவார்கள். இரண்டாவது கேள்வி: "முன்னாடி இருந்தவங்க ஏன் காலி பண்ணாங்க?"

ஆடி மாதத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. கோட்டை மாரியம்மன் தொடங்கி ஒவ்வொரு பேட்டையிலும் மாரியம்மன் பண்டிகை. குகையில் வண்டி வேடிக்கை பார்க்க ஊரே திரளும். கோயிலுக்கு இரண்டு வீடு தள்ளிக் குடியிருந்தால் காதில் பஞ்சு வேண்டும். ஆனால் ஆடியில் யாரும் பால் காய்ச்ச மாட்டார்கள் என்பதால் டூலெட் போர்டு அப்படியே தொங்கிக்கொண்டிருக்கும். அந்த நாளில் வாடகை பேசி, அட்வான்ஸ் கொடுத்து, ஆவணி முதல் வாரத்தில் குடிபோவது எனக்குத் தெரிந்து நல்ல பேரம். மார்கழியிலும் இதையே செய்யலாம்.

4. மலையேறுவது

சேலத்தில் வெயிலுக்குச் சலித்த எல்லாருக்கும் ஒரு நாள் ஏற்காட்டில் வீடு எடுக்கும் ஆசை வரும். தப்பில்லை. கண்ணுக்கு எதிரே மலை நிற்கிறது, பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் ஸ்வெட்டர்.

கணக்கு சுலபம். சேலம் கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 280 மீட்டர், ஏற்காடு சுமார் 1500 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு, ஆறரை டிகிரி குறையும். அதனால் கீழே 39 இருக்கும் மதியத்தில் மேலே முப்பதை ஒட்டி இருக்கும். வியர்வைக்கு இது பெரிய விடுதலை. அந்த விடுதலைக்கு என்ன கொடுக்க வேண்டும் என்பதைச் சொல்கிறேன்.

ஈரம். மழைக்காலத்தில் துவைத்த துணி நாலு நாள் ஆனாலும் காயாது. பீரோவில் வைத்த பட்டுப் புடவையில் பூஞ்சை, புத்தகத்தில் பூஞ்சை, தோல் செருப்பில் பூஞ்சை. உப்பு டப்பாவில் தண்ணீர். மூட்டு வலியும் இளைப்பும் உள்ள பெரியவர்களுக்குக் குளிர் ஒத்துக்கொள்ளுமா என்று அவர்களைப் பார்க்கும் டாக்டரிடம் முன்னாலேயே கேளுங்கள். என் அப்பா முதல் கார்த்திகையிலேயே "நான் கீழ போறேன்" என்று பையைத் தூக்கிவிட்டார்.

பாதை. மேலே அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது. பெரிய சிகிச்சை, ஸ்கேன் என்றால் சேலம்தான். ராத்திரி பனிமூட்டத்தில் இருபது வளைவு இறங்குவதை மனதில் ஓட்டிப் பாருங்கள். பலத்த மழையில் மண் சரிந்து பாதை அடைபடும். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையின்போது அப்படி ஆகிப் போக்குவரத்து நின்றது. குப்பனூர் வழியாக இன்னொரு பாதை உண்டு, சுற்று. தினமும் கீழே வேலைக்கு இறங்கி ஏறலாம் என்று கணக்குப் போடுபவர்கள் ஒரு மாதம் செய்து பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். எனக்கு ஏழு வாரம் தாங்கியது. பெட்ரோலும் பிரேக்கும் ஒரு பக்கம், வீட்டுக்கு வந்ததும் தலை சுற்றி உட்கார்ந்துவிடுவது ஒரு பக்கம்.

கூட்டம். சனி ஞாயிறில் ஏரியைச் சுற்றி நகர முடியாது. மே மாதம் கோடை விழா, மலர்க் கண்காட்சி சமயத்தில் ஏறுவதற்கு ஒரு வழி, இறங்குவதற்குக் குப்பனூர் வழி என்று ஒருவழிப் பாதை ஆக்கிவிடுவது வழக்கம். தக்காளி வாங்கிவரப் போனவர் தக்காளிச் சோறு நேரத்துக்கு வரமாட்டார்.

வீடு கிடைப்பதே கஷ்டம். நல்ல வீடுகளை நாள் வாடகைக்கு விடுவதில்தான் காசு என்று உரிமையாளர்களுக்குத் தெரியும். வருட வாடகைக்குக் கொடுத்தாலும் ஏப்ரலில் "கொஞ்சம் காலி பண்ணிக் கொடுங்களேன்" என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கும் நடந்தது. ஒப்பந்தத்தில் பதினோரு மாதம் என்று எழுதியிருந்ததால் தப்பித்தேன். ஏரியிலிருந்து தள்ளி நாகலூர், செம்மநத்தம், மஞ்சக்குட்டைப் பக்கம் விசாரித்தால் கிடைக்கலாம். அங்கே பஸ் நேரத்தை மனப்பாடம் செய்ய வேண்டும், செல்போன் சிக்னல் வீட்டுக்குள் வருகிறதா என்று நின்று பார்க்க வேண்டும். வீட்டிலிருந்தே கணினியில் வேலை செய்பவர்கள் மழை நாளில் கரண்ட் எத்தனை மணி நேரம் போகிறது என்று பக்கத்துக் கடையில் கேட்டுக்கொள்ளுங்கள். ராத்திரி காட்டெருமை ரோட்டில் நிற்கும். ஒதுங்கி நிற்பது நாம்தான்.

வாங்குகிற யோசனை இருந்தால் இன்னும் நிதானம். மலையிடப் பாதுகாப்பு விதிகள் ஏற்காட்டுக்கு உண்டு. கீழே மாதிரி நினைத்த உடனே கட்டவோ மண்ணைத் தோண்டவோ மரம் வெட்டவோ முடியாது. அரசு ஏழைகளுக்கு ஒப்படை செய்த நிபந்தனைப் பட்டா நிலமா என்று வட்டாட்சியர் அலுவலகத்தில் விசாரியுங்கள். மலையின் பழங்குடி மக்களான மலையாளிகளின் கிராமங்கள் இவை. காட்டு வழியையும் ஊற்றையும் கோயில் பாதையையும் அவர்கள் தலைமுறையாகப் பயன்படுத்திவருகிறார்கள். பத்திரத்தில் அது எழுதியிருக்காது. ஊர்ப் பெரியவர்களிடம் உட்கார்ந்து பேசாமல் வேலி போட்டுவிட்டு, அப்புறம் ஊர் ஒட்டவில்லை என்று வருத்தப்பட்டால் யார் என்ன செய்ய முடியும்?

காப்பிச் செடி பூக்கும் நாட்களில் மட்டும் வீடு பார்க்கப் போகாதீர்கள். கோடை மழை ஒன்று விழுந்து ஒரு வாரம் போனால் மலை முழுக்க வெள்ளைப் பூ, மல்லிகை மாதிரி வாசனை. அந்த மூன்று நாலு நாளில் ஓட்டைக் கூரை வீட்டுக்கும் அட்வான்ஸ் கொடுத்துவிடுவோம். போகிற ஊரை அதன் மோசமான மாதத்தில் பார்க்க வேண்டும். ஏற்காட்டை ஐப்பசி கார்த்திகையில், சேலத்தைச் சித்திரை வைகாசியில். ஐப்பசி ஏற்காட்டில் பத்து நாள் தங்கி, சமைத்து, துணி துவைத்து, வேலைக்கும் போய்வந்து, அப்புறமும் பிடிக்கிறது என்றால் தாராளமாக ஏறுங்கள். அப்படிப் பிடித்துப்போய் மேலேயே இருக்கும் நண்பர்கள் எனக்கு இருக்கிறார்கள். அவர்களில் யாரும் வெயிலுக்குப் பயந்து போனவர்கள் இல்லை. காப்பித் தோட்டமோ பள்ளிக்கூட வேலையோ ஏதோ ஒன்று அங்கே அவர்களுக்கு இருந்தது.

5. வேறு ஊர்

நோட்டில் "ஊர்" என்ற குறிதான் அதிகம், அதுவும் வேலை, படிப்பு, நம்மைப் போன்ற ஆட்கள் இல்லாமை என்றே வருகிறது என்றால் சரி, போக வேண்டியதுதான். பெங்களூரு 200 கிலோமீட்டர், கோவை 160 சொச்சம், சென்னை 340. மூன்றுக்கும் ரயில் இருக்கிறது, சென்னைக்கும் கோவைக்கும் 2023-லிருந்து வந்தே பாரத்தும் சேலத்தில் நின்று போகிறது. ஒருவர் மட்டும் முதலில் போய் ஹாஸ்டலிலோ பேயிங் கெஸ்டாகவோ இரண்டு மாதம் இருங்கள். இங்கே சொந்த வீடு இருந்தால் அதுவரை விற்காதீர்கள். அந்த ஊர் வாடகை, அட்வான்ஸ், போக்குவரத்து மூன்றையும் கழித்து மிச்சம் எவ்வளவு என்று பாருங்கள், சம்பளத்தை மட்டும் பார்த்தால் ஏமாற்றும்.

6. காகிதம்

சேலத்தில் வீட்டுக்கு வீடு அட்வான்ஸ் மாறும். பத்து மாத வாடகையைச் சர்வ சாதாரணமாகக் கேட்பார்கள். தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் 2017-ல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொள்ளாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது, ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும், தகராறு வந்தாலும் தண்ணீர் கரண்டை நிறுத்தக் கூடாது என்கிறது அது. தெருவில் நிலவரம் வேறு என்பது எனக்கும் தெரியும். சட்டத்தைச் சொல்லி ஆரம்பித்து ஐந்து மாத வாடகையில் முடித்தாலும் லாபம்தான். கொடுக்கும் பணம் எவ்வளவானாலும் முழுத்தொகையும் ஒப்பந்தத்தில் வரட்டும், வங்கி வழியாகப் போகட்டும்.

அம்மாப்பேட்டை வீட்டைக் காலி செய்தபோது பெயிண்டுக்கு, குழாய்க்கு, "கதவு கொஞ்சம் இழுக்குது" என்பதற்கு என்று கழித்துப் பாதிதான் கைக்கு வந்தது. கதவு நான் வரும்போதே இழுத்துக்கொண்டுதான் இருந்தது. நிரூபிக்க என்னிடம் ஒன்றும் இல்லை. இப்போதெல்லாம் சாவி வாங்கிய அன்றே, சாமான் இறக்கும் முன், ஒவ்வொரு அறையையும் போனில் வீடியோ எடுத்து வீட்டுக்காரருக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறேன். "பாத்துக்கோங்க அண்ணா, இப்படித்தான் இருந்துச்சு" என்று ஒரு வரி. சண்டை போல இருக்காது, சாட்சியாக இருக்கும்.

கரண்ட் மீட்டர் தனியா, வீட்டுக்காரர் போட்ட துணை மீட்டரா என்று பாருங்கள். துணை மீட்டர் என்றால் யூனிட்டுக்கு எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் உங்களுக்கு வருமா அவருக்குப் போகுமா என்பது அதில்தான் இருக்கிறது. தனி மீட்டர் என்றால் இணைப்பு எண்ணை வைத்துப் பழைய பாக்கி இருக்கிறதா என்று பார்த்துவிடலாம்.

போக்கியத்துக்கு வீடு கிடைக்கிறது, மொத்தமாக ஒரு தொகை கொடுத்தால் வாடகையே வேண்டாம், காலி செய்யும்போது பணம் திரும்ப வரும் என்று ஆசை காட்டுவார்கள். வெறும் முத்திரைத்தாளில் கையெழுத்துப் போட்டு லட்சக்கணக்கில் கொடுக்காதீர்கள். அது அடமானக் கணக்கில் வரும், பத்திரம் பதிவாக வேண்டும். பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கம் போட்டுப் பார்த்து, வீட்டின் மேல் ஏற்கெனவே வங்கிக் கடன் இல்லை என்று தெரிந்த பிறகு பேசுங்கள். வங்கி வந்து வீட்டைப் பூட்டினால் உங்கள் பணம் வரிசையில் கடைசியில் நிற்கும்.

மற்றவை சின்ன வேலைகள். ரேஷன் கார்டு முகவரி, ஆதார் முகவரி, வாக்காளர் பட்டியலுக்குப் படிவம் 8, கேஸ் இணைப்பு மாற்றம். புது ஒப்பந்தம் கைக்கு வந்த வாரமே முடித்துவிடுங்கள். பள்ளி மாற்றம் மட்டும் ஜூனை ஒட்டி வரும்படி பாருங்கள். மாற்றுச் சான்றிதழ் வாங்கும்போது பள்ளிக் கல்வித்துறைப் பதிவில் பிள்ளைக்கு இருக்கும் எமிஸ் எண்ணையும் குறித்து வாங்கிக்கொள்ளுங்கள். பழைய பள்ளி அந்த எண்ணை விடுவித்தால்தான் புதுப் பள்ளியில் ஏற முடியும்.

7. மூட்டை கட்டும் நாள்

ஊருக்குள் மாறுவதற்குக் குட்டி யானை இரண்டு நடை போதும். லோடு ஏற்றி இறக்கும் கூலி தனியா சேர்த்தா, எந்த மாடி, தெருவுக்குள் வண்டி திரும்புமா என்பதை முன்னாலேயே பேசிவிடுங்கள். மலைக்கு ஏற்றுவதானால் அந்த வளைவுகளில் தினமும் ஓட்டுகிற டிரைவர் வேண்டும். பிரிட்ஜை நிமிர்த்தி நிறுத்திக் கட்டி, பீரோவைக் காலி செய்து ஏற்றுங்கள். ஏழாவது வளைவில் என் பீரோ திறந்து அப்பாவின் வேட்டிகள் காப்பித் தோட்டத்துக்கு மேல் பறந்தன. மூன்று திரும்பக் கிடைத்தன.

பழைய வீட்டுச் சாவியைக் கொடுக்கும்போது மீட்டரைப் படம் எடுங்கள். பழைய தெருவில் மளிகைக் கணக்கு, பால் கணக்கு, இஸ்திரிக் கணக்கு மூன்றையும் தீர்த்துவிட்டு, போய்வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். வீடு கிடைக்காமல் திரும்பி வர நேர்ந்தால் முதலில் தகவல் சொல்பவர்கள் இவர்கள்தான். எனக்குக் கன்னங்குறிச்சி வீட்டைச் சொன்னது அம்மாப்பேட்டை இஸ்திரிக்காரர், அவருடைய மச்சினர் இந்தத் தெருவில் இருக்கிறார்.

புது வீட்டிலும் ஆறு வாரம் நோட்டு எழுதுங்கள். முதல் இரண்டு வாரத்து வரிகளை நம்ப வேண்டாம், அது சாமான் ஏற்றி இறக்கிய களைப்பு. என் நோட்டில் கன்னங்குறிச்சியைப் பற்றி இன்றுவரை நிற்கும் புகார் மூன்று. குரங்கு வந்து மொட்டை மாடி வடகத்தை அள்ளிக்கொண்டு போகிறது. எதிர்வீட்டு நாய் நாலரை மணிக்கு எழுந்துவிடுகிறது. மேற்குச் சுவர் கொஞ்சம் சுடுகிறது, அதற்குப் பச்சை வலை வாங்கி வைத்திருக்கிறேன், இந்த ஞாயிற்றுக்கிழமை கட்ட வேண்டும்.